நிலவின் முகத்தை வரைந்த கருவிகள்

கி.பி. 1647ஆம் ஆண்டில், பால்டிக் கடற்கரையிலுள்ள டான்சிக் நகரிலிருந்து பெரியதொரு நூல் அச்சாகி வெளிவந்தது. இன்று போலந்து நாட்டில் க்டான்ஸ்க் என வழங்கும் துறைமுகப் பட்டணமே அது. நூலின் பெயர் 'செலினோகிராஃபியா'. நிலவை வரைதல் என்பது அச்சொல்லின் பொருள். ஆக்கியவர் யோஹன்னஸ் ஹெவேலியஸ். நிலவின் வரைபடத்துக்கென்றே எழுந்த முதற்பெரும் நூல் என அறிஞர் அதனைப் போற்றுவர்.

அந்நூலின் முகப்புப் படத்தைக் காண்போர் வியப்படையாமல் இருக்க முடியாது. நூற்பெயர் பொறித்த திரையின் இருபுறமும் இரு அறிஞர் நிற்கின்றனர். ஒருவர் கையில் தொலைநோக்கி இருக்கிறது. அவர் இத்தாலி நாட்டுக் கலீலியோ. மற்றவர் கீழ்த்திசை உடை அணிந்து, வடிவியல் வரைபடம் ஒன்றைக் கையில் ஏந்தியிருக்கிறார். 'அல்ஹஸன்' என்று அவர் பெயர் எழுதப்பட்டுள்ளது. கலீலியோவின் பக்கம் 'புலனால்' என்றும், அல்ஹஸனின் பக்கம் 'அறிவால்' என்றும் இலத்தீன் மொழியில் பொறித்திருக்கிறார்கள்.

அந்த அல்ஹஸன் வேறு யாருமல்லர். ஏறத்தாழ ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து, ஹிஜ்ரி 430ஐ ஒட்டிக் காஹிராவில் மறைந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் அவர்களே. தொலைநோக்கி என்னும் கருவி தோன்றுவதற்கு ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அவர். தொலைநோக்கி கொண்டு வரைந்த நிலவுப் படங்களைத் தாங்கிய நூலின் வாயிலில் அவருக்கு என்ன வேலை? முகப்பில் முஸ்லிம் அறிஞர் ஒருவர் இருக்கிறார் என்று பெருமை பேசி நகர்ந்துவிடுவது எளிது. அவர் அங்கே ஏன் நிறுத்தப்பட்டார் என்பதை அறிய வேண்டுமாயின், இறகுப் பேனா, மை, தூரிகை, செப்புத் தகடு ஆகிய எளிய பொருள்களின் வரலாற்றுக்குள் நாம் சிறிது நுழைய வேண்டும்.

விழி காண்பதும் மனம் அறிவதும்

இப்னுல் ஹைதம் அவர்களின் 'கிதாபுல் மனாஸிர்' ஒளியியல் குறித்த ஏழு பாகங்கள் கொண்ட நூலாகும். இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பியக் கல்விச் சாலைகளில் பல காலம் கையெழுத்துப் படியாக உலவிய அந்நூல், 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது, கண்ணிலிருந்து பொருளுக்குச் செல்வதன்று என்று அவர் நிறுவியதை நம்மில் பலர் படித்திருப்போம். நம் பொருளுக்கு அதனினும் முக்கியமானது அந்நூலின் இரண்டாம் பாகம்.

கண்ணில் விழும் ஒளியும் நிறமும் மட்டுமே காட்சி ஆகிவிடுவதில்லை என்று அவர் அங்கே விளக்குகிறார். ஒரு பொருள் மேடா பள்ளமா, அருகிலா தொலைவிலா என்பதை மனம் முன்னறிந்தவற்றோடு ஒப்பிட்டு ஊகித்தே அறிகிறது. இந்த ஊகத்துக்கு அவர் ஆளும் சொல் 'கியாஸ்'. நம் மதரஸாக்களில் ஃபிக்ஹுப் பாடம் ஓதியோர் நன்கறிந்த அதே சொல்தான். ஊகம் மின்னல் வேகத்தில் நிகழ்வதால், தான் ஊகிக்கிறோம் என்பதையே மனிதன் உணர்வதில்லை.

நிலவைப் பற்றியும் அவர் தனி நூல்கள் எழுதியுள்ளார். நிலவு கண்ணாடி போல் ஒளியைத் திருப்புவதாயின் அதன் ஒரு சிறு பகுதி மட்டுமே மின்ன வேண்டும்; ஆனால் அதன் ஒளிபெற்ற முகம் முழுவதுமே ஒவ்வோரிடத்திலிருந்தும் ஒளி வீசுகிறது என்று ஒரு நூலில் காட்டுகிறார். நிலவின் முகத்தில் தோன்றும் கறைகளைப் பற்றியது மற்றொன்று. அக்கறைகள் பூமியின் கடல்களும் மலைகளும் நிலவாகிய கண்ணாடியில் காட்டும் நிழலுருவம் என்று அக்காலத்தில் சிலர் நம்பினர். அதனை மறுத்து, கறை நிலவின் உடலிலேயே உள்ள வேறுபாட்டால் விளைவது என்ற முடிவுக்கு அவர் வந்தார். மலை என்றோ சமவெளி என்றோ அவர் கூறவில்லை. வெறுங்கண்ணால் அவ்வளவு தொலைவு செல்ல இயலாது.

ஒரே ஆண்டில் இருவர்

1609ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டு, அன்றைய ஆங்கில நாட்காட்டிப்படி ஜூலை 26ஆம் நாள் (இன்றைய கணக்கில் ஆகஸ்ட் 5) இரவு 9 மணிக்கு, இலண்டனுக்கு அருகிலுள்ள சயோன் மாளிகையிலிருந்து தாமஸ் ஹேரியட் என்னும் கணித அறிஞர் ஆறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குழாய் ஒன்றினூடே நிலவை நோக்கினார். அன்று நிலவு ஐந்து நாள் பிறை. கண்டதைப் பேனாவும் மையும் கொண்டு காகிதத்தில் வரைந்தார். தொலைநோக்கி வழியே கண்டு வரைந்து, நாள் குறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள நிலவுப் படங்களுள் இதுவே முதலாவது.

அந்தப் படத்தைப் பார்ப்போர் ஏமாற்றமே அடைவர். ஒரு வட்டம், ஒளியும் இருளும் பிரியும் எல்லையில் கோணல்மாணலான ஒரு கோடு, இரண்டு மூன்று இடங்களில் கிறுக்கிய கருமை. அவ்வளவுதான். ஹேரியட் கை தேறாதவரும் அல்லர். 1585இல் வட அமெரிக்கக் கரைக்குச் சென்ற ஆங்கிலேயர் குழுவில் ஜான் வைட் என்னும் ஓவியரோடு சேர்ந்து நிலப்படம் ஆக்கிய பட்டறிவு உடையவர். ஆயினும் எல்லைக் கோடு ஏன் கோணலாக இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அவரிடமிருந்து குழாய் பெற்ற நண்பர் வில்லியம் லோவர் வேல்ஸ் நாட்டிலிருந்து எழுதிய மடலில், முழுநிலவு தம் சமையற்காரர் சென்ற வாரம் செய்துதந்த பழப் பணியாரம் போலிருப்பதாகவும், இங்கொரு வெளுத்த கீற்றும் அங்கொரு கறுத்த கீற்றுமாகக் குழம்பிக் கிடப்பதாகவும் குறிப்பிட்டார். நகைப்புக்குரியதாயினும் நேர்மையான வாக்குமூலம் அது. கண் கண்டது, மனம் எதனோடு ஒப்பிடுவது என்று அறியாமல் பணியாரத்தோடு ஒப்பிட்டது.

சில மாதங்கள் கழித்து, 1609 நவம்பர் இறுதியில், இத்தாலியின் பாதுவா நகரில் கலீலியோ அதே நிலவை நோக்கினார். அவரது குழாய் ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கியது உண்மையே. ஆனால் வேறுபாடு குழாயில் மட்டும் இல்லை. கலீலியோ ஃபுளோரன்ஸ் மரபில் வளர்ந்தவர். ஓவியமும் ஒளிநிழற் பயிற்சியும் அங்கே கற்றோர் யாவர்க்கும் பொதுவான கல்வி. கூர்முனைகள் துருத்திய உருண்டையை வரைந்து, ஒவ்வொரு முனையின் நிழலும் எப்பக்கம் விழும் என்று கணிப்பது அந்நாட்டு ஓவியப் பாட நூல்களில் இருந்த பயிற்சி. பின்னாளில், 1613இல், ஃபுளோரன்ஸ் ஓவியக் கலைக் கழகம் அவரைத் தன் உறுப்பினராகவே ஏற்றுக்கொண்டது.

ஆகவே அவர் பேனாவோடு நிறுத்தவில்லை, தூரிகையை எடுத்தார். பழுப்பு மையை நீரில் கரைத்து, காகிதத்தின் வெண்மையையே ஒளியாக விட்டு, நிழலிடங்களில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மையைப் படரவிட்டார். பேனாக் கோடு 'இங்கே ஓர் எல்லை உண்டு' என்று மட்டுமே சொல்லும். கரைத்த மையோ மென்மையாகத் தேயும் நிழலையும் சட்டென முடியும் நிழலையும் பிரித்துக் காட்டும். குழிந்த இடத்தில் கதிரவனை நோக்கிய பக்கம் இருண்டும் மறுபக்கம் ஒளிர்ந்தும் இருப்பதை அந்தத் தூரிகை பதிவு செய்தது. நிழல் வரைய அறிந்த கைக்கு அது பள்ளம் என்பதில் ஐயமே எழவில்லை. இப்னுல் ஹைதம் கூறிய கியாஸுக்கு இதனினும் தெளிந்த சான்று தேடவேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

ஏழு நிலவுருவங்கள் கொண்ட அத்தாள்கள் இன்றும் ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. எல்லைக் கோட்டுக்கு அப்பால், இருளுக்குள், தனித்து மின்னிய ஒளிப் புள்ளிகளையும் அவர் குறித்தார். அவை கதிரவன் ஒளி முதலில் தொடும் மலையுச்சிகள் எனக் கொண்டு, எல்லையிலிருந்து புள்ளி விலகியிருக்கும் தொலைவை அளந்து, செங்கோண முக்கோணக் கணக்கால் அம்மலைகள் நான்கு இத்தாலிய மைலுக்கும் மேல் உயர்ந்தவை எனக் கணித்தார். வானத்துப் பொருள்கள் யாவும் பழுதற்ற வழவழப்பான கோளங்கள் என்று கிரேக்கர் காலந்தொட்டு நிலவிய கொள்கை இவ்வாறு ஒரு தூரிகையால் தகர்ந்தது.

ஹேரியட் பிறகு என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றும். கலீலியோவின் நூல் வெளிவந்தபின் 1610 ஜூலையில் அவர் வரைந்த படத்தில் திடீரெனக் குழிகள் காணப்படுகின்றன. அதன்பின் எண்களும் எழுத்துகளும் இட்டு அவர் ஆக்கிய முழுநிலவுப் படம் இடங்களின் அமைவில் கலீலியோவின் படங்களையே மிஞ்சும் அளவுக்குத் துல்லியமானது. எனினும் அவர் எதையும் அச்சிடவில்லை. அவருடைய தாள்கள் பல தலைமுறைகள் ஒரு மாளிகையில் உறங்கிக் கிடந்தன.

தகட்டில் ஏறிய நிலவு

கலீலியோவின் 'விண்மீன் தூது' என்னும் சிறு நூல் 1610 மார்ச் மாதம் வெனிஸ் நகரில் 550 படிகள் அச்சாயிற்று. இங்கேதான் புதிய தொல்லை. தூரிகையின் மென்மையை அச்சில் எவ்வாறு கொண்டுவருவது? ஈய எழுத்துகள் மேடாக நின்று மையை ஏற்பவை. செப்புத் தகட்டுப் படமோ கீறலின் பள்ளத்தில் மை தங்கி, ஈரக் காகிதத்தை உருளையால் அழுத்தும்போது ஒற்றப்படுவது. இரண்டுக்கும் வெவ்வேறு அச்சுப்பொறிகள் வேண்டும். எனவே எழுத்தை முதலில் அச்சிட்டு, படத்துக்கு இடம் விட்டு, அதே தாளை மறுபடியும் தகட்டு அச்சில் செலுத்தினர். அவசரத்தில் சுமார் முப்பது படிகள் படமின்றியே நின்றுவிட்டன.

தகட்டில் நிறத்தின் ஏற்ற இறக்கம் கிடையாது. கோடு உண்டு, கோடில்லா இடம் உண்டு, அவ்வளவே. நெருங்கிய கோடுகள் கருமையாகவும் விலகிய கோடுகள் சாம்பலாகவும் கண்ணை ஏமாற்ற வேண்டும். அச்சான படங்களில் எல்லைக் கோட்டின்மேல் ஒரு மாபெரும் வட்டக் குழி, உண்மையளவினும் பன்மடங்கு பெரிதாக அமர்ந்திருக்கிறது. மலைகள் சூழ்ந்த பொஹீமியா நாட்டை அது ஒத்திருப்பதாகக் கலீலியோ எழுதினார். கருத்தை விளக்குவதற்காக அவர் வேண்டுமென்றே பெரிதாக்கினார் என்பர். அக்குழி இன்று 'அல்பட்டெக்னியஸ்' என்ற பெயர் தாங்கியது எனப் பலரும் அடையாளம் காண்கின்றனர். ரக்கா நகரில் நாற்பதாண்டுக் காலம் வானை அளந்த அல்பத்தானி அவர்களின் பெயர்தான் அது.

படமின்றி நின்ற அந்த முப்பது படிகள் நம் காலத்தில் ஒரு பெருமோசடிக்கு வழி வகுத்தன. 2005இல் நியூயார்க் நகரப் பழம்நூல் வணிகரிடம் இந்நூலின் படி ஒன்று வந்தது. அச்சுப் படம் இருக்க வேண்டிய இடங்களில் பழுப்பு மையால் தூரிகைப் படங்கள். முகப்பில் கலீலியோவின் கையொப்பம். அவரே தம் கையால் வரைந்தவை என்று பெயர்பெற்ற அறிஞர்கள் ஆராய்ந்து நூலே எழுதினர். 2012இல் நிக் வில்டிங் என்னும் வரலாற்றாசிரியர், அப்படியில் இருந்த நூலக முத்திரை உண்மையான முத்திரைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதையும், முகப்பெழுத்துகளின் அச்சுக் கறைகளையும் சுட்டிக்காட்டி, நூல் முழுவதுமே புதிதாகத் தயாரித்த போலி என்று நிறுவினார். மையும் காகிதமும் சோதிக்கப்பட்டிருந்தும் கற்றோர் ஏமாந்தனர். காண விரும்பியதைக் கண்டார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

கடலோடிகளின் கடிகாரம்

நிலவை இத்தனை பாடுபட்டு வரைவதால் யாருக்கு என்ன பயன் என்ற வினா அன்றும் எழுந்தது. விடை கடலில் இருந்தது. நடுக்கடலில் கப்பல் எவ்வளவு தூரம் கிழக்கிலோ மேற்கிலோ இருக்கிறது என்பதை, அதாவது தீர்க்கரேகையை, அறிய வழியின்றி எண்ணற்ற கப்பல்கள் பாறையில் மோதி அழிந்துகொண்டிருந்த காலம் அது. கிரகணத்தின்போது பூமியின் நிழல் நிலவின் ஒரு குறிப்பிட்ட குழியைத் தொடும் கணம் உலகெங்கும் ஒன்றே. அக்கணத்தில் ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று அறிந்தால் இடைத்தூரம் தெரிந்துவிடும். ஆனால் எந்தக் குழி என்று சொல்லப் படம் வேண்டுமே!

பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த பெயரெஸ்க் என்னும் செல்வர் இதனைச் செய்து பார்த்தார். 1635 ஆகஸ்ட் 28ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தம் ஊரில் மட்டுமின்றி ஹலப், காஹிரா முதலிய நகரங்களிலும் ஆள் வைத்துக் கணிக்கச் செய்தார். முடிவு அதிர்ச்சி தந்தது. அதுவரை வழங்கிய படங்களில் மத்திய தரைக்கடலின் நீளம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மிகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. அதன்பின் அவர் அறிஞர் கசெந்தியின் மேற்பார்வையில் நிலவை வரைய க்ளோட் மெல்லான் என்னும் தலைசிறந்த செப்புச் செதுக்கரை அமர்த்தினார். தொலைநோக்கியில் தாமே கண்டு மெல்லான் செதுக்கிய மூன்று தகட்டுப் படங்களின் அழகுக்கு ஈடு நெடுங்காலம் தோன்றவில்லை. 1637இல் பெயரெஸ்க் மறைந்தார். பணி மூன்று படங்களோடு நின்றது.

ஹெவேலியஸின் கூரை

மெல்லானின் படங்களைக் கசெந்தி டான்சிக் நகருக்கு அனுப்பி, நீங்கள் தொடருங்கள் என்று வழிவிட்ட பெருந்தகைமையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பெற்றவர் ஹெவேலியஸ். பார்லி மது வடிப்பது அவரது குடும்பத் தொழில். நகரவைப் பொறுப்புகளும் உண்டு. வீட்டுக் கூரையின்மேல் வானாய்வுக் கூடம் அமைத்து, வில்லைகளைத் தாமே தேய்த்து, தாமே கண்டு, தாமே வரைந்து, தாமே செப்பிலும் செதுக்கினார். பிறர் கையில் ஒப்படைத்தால் செதுக்குபவன் தான் காணாததைக் கற்பனையால் நிரப்புவான் என்ற அச்சமே காரணம்.

அந்த வேலையின் கடுமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வானத்தின் சுழற்சியால் நிலவு ஒவ்வோர் இரண்டு நிமிடத்திலும் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும். குறுகிய குழாயின் பார்வைக்குள் அதனைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஒரு கண் குழாயில்; மறுகணம் அதே கண் விளக்கொளியில் கிடக்கும் காகிதத்தில். முன்னரே வட்டம் வரைந்து வைத்த தாளில், தெரிந்த இடங்களிலிருந்து தெரியாத இடங்களுக்குத் தூரம் மதிப்பிட்டுக் குறிக்க வேண்டும். இதற்குள் எல்லைக் கோடு நகர்ந்து, சற்றுமுன் இருண்டிருந்த குழியின் அடித்தளம் வெளுத்திருக்கும்.

தகடு செதுக்குவது அதனினும் பொறுமை கேட்பது. மரப்பிடி உள்ளங்கையில் அழுந்த, கூர்முனை கொண்ட உளியைச் செப்பின்மேல் தள்ளியே கோடு இட வேண்டும். வளைகோட்டுக்கு உளியைத் திருப்புவதில்லை. தோல் திண்டின்மேல் வைத்த தகட்டையே மற்றொரு கையால் சுழற்றுவர். எழும் செப்புச் சிலிரைச் சுரண்டி நீக்க வேண்டும். தவறிய கோட்டை அழிப்பதாயின் தகட்டைத் தேய்த்துப் பின்புறமிருந்து தட்டிச் சமமாக்க வேண்டும். அனைத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அச்சில் அது திரும்பி விழும் என்பதால். இவ்வாறு நாற்பது கலைகளையும் தனித்தனிப் படங்களாக்கி ஐந்தாண்டுகளுள் அவர் முடித்தார்.

முழுநிலவில் நிழலே இல்லை என்பது வரைவோர்க்குப் பெருந்தடை. நிழல் இல்லையேல் மேடு பள்ளம் தெரியாது. எனவே ஹெவேலியஸ் தம் முழுப்படம் ஒன்றில், வெவ்வேறு இரவுகளில் எல்லைக் கோட்டருகே கண்ட ஒவ்வொரு மலையையும் குழியையும் ஒரே திசையிலிருந்து ஒளி விழுவதாகக் கொண்டு இணைத்து வரைந்தார். அத்தகைய நிலவு எந்த இரவிலும் வானில் தோன்றியதில்லை, தோன்றவும் இயலாது. ஆயினும் அதுவே நிலவின் மெய்யான தரையமைப்பு. கண்ட நாற்பது காட்சிகளிலிருந்து காணாத ஒன்றை அறிவு கட்டி எழுப்பியது. 'புலனால்' என்றும் 'அறிவால்' என்றும் முகப்பில் இருவரை நிறுத்தியவர் அச்சொற்களைப் பொருளுணர்ந்தே பொறித்தார் என்பது இப்போது விளங்கும். 1679 செப்டம்பர் 26இல் மூண்ட தீ அவரது கூரைக் கூடத்தையும் கருவிகளையும் எரித்தது. நூலோ முன்பே உலகெங்கும் பரவியிருந்தது.

நிலவின் இடங்களுக்கு அறிஞர் பெயர் சூட்ட ஹெவேலியஸ் முதலில் எண்ணினார். பொறாமை மூளும் என அஞ்சிப் பூமியின் மலை, கடற்பெயர்களையே இட்டார். நான்கே ஆண்டுகளில், 1651இல், இத்தாலியில் ரிச்சியோலி என்னும் பாதிரியார், மாணவர் கிரிமால்டி வரைந்த படத்தில் அறிஞர் பெயர்களைத் துணிந்து சூட்டினார். அவையே நிலைத்தன. அல்பத்தானி, அல்ஃபர்கானி, அஸ்ஸூஃபி, டொலிடோவின் அஸ்ஸர்காலி, தாபித் இப்னு குர்ரா, அபுல் ஃபிதா, கலீஃபா மஃமூன் ஆகியோர் இலத்தீன் ஒலித் திரிபோடு நிலவில் இடம்பெற்றது இவ்வாறுதான். இப்னுல் ஹைதமின் பெயர் தாங்கிய குழி நிலவின் கிழக்கு விளிம்பருகே உள்ளது.

அளவுகோலும் வண்ணக்குச்சியும்

கண்மதிப்பால் தூரம் குறித்தல் ஹெவேலியஸோடு ஏறக்குறைய எல்லையை எட்டிவிட்டது. அடுத்த பாய்ச்சல் ஜெர்மனியின் நூரன்பர்க் நகரில் நிகழ்ந்தது. நிலப்படம் அச்சிடும் நிறுவனத்தில் பணியாற்றிய டோபியாஸ் மாயர், தொலைநோக்கியின் கண்வில்லையருகே மெல்லிய கோடுகள் இட்ட கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொருத்தினார். நிலவின் உருவத்தின்மேலேயே கோடுகள் படிந்து தெரிந்தமையால், குழிகளுக்கிடையே உள்ள தூரத்தை மதிப்பிடாமல் அளக்கவே முடிந்தது. 1748 முதல் அவர் எடுத்த அளவுகளைக் கொண்டு, பூமியில் ஊர்களுக்கு இருப்பதுபோல் நிலவின் இடங்களுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கணிக்கப்பட்டன. ஓவியம் நிலப்படமாக மாறிய கட்டம் இது. அதே மாயர் ஆக்கிய நிலவின் இயக்க அட்டவணைகள் கடலில் தீர்க்கரேகை காண உதவின. 1762இல் 39 வயதில் அவர் இறந்தார். பிரிட்டிஷ் அரசு 1765இல் அவர் மனைவிக்கு 3,000 பவுன் பரிசளித்தது. படம் அச்சேறியது 1775இல்தான்.

ஓவியர் ஜான் ரஸ்ஸலின் கதை வேறுவிதமானது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் வண்ணக்குச்சி ஓவியரான அவர், சீமாட்டிகளின் முகங்களை வரைந்து பொருளீட்டியவர். வண்ணப் பொடியைக் குழைத்து உலர்த்திய குச்சியால் தாளில் தீட்டி, விரல் நுனியால் தேய்த்து ஒரு நிறத்தை மற்றொன்றில் கரைப்பது அவர் கலை. அதுபற்றி 1772இல் நூலும் எழுதியுள்ளார். அச்சான நிலவுப் படங்கள் எதுவும் தாம் தொலைநோக்கியில் கண்ட அழகை ஒத்திருக்கவில்லை என்ற மனக்குறையால், 1785ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகள் இரவுதோறும் நிலவை வரைந்தார். பென்சிலால் வரைந்த சுமார் 180 சிறு படங்கள் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளன. முகத்தை வரைபவர் முதலில் கண், மூக்கு, வாய்க்கு இடம் குறிப்பதுபோல், அளவுமானியால் முதன்மைப் புள்ளிகளை நிறுத்திக்கொண்டு எஞ்சியதை நிரப்பினார். 1795இல் அவர் முடித்த வண்ணக்குச்சி நிலவு ஒன்றரை மீட்டர் அகலமானது.

புகைப்பட அச்சில் அதனைக் காண்போர் நிலவின் ஒளிப்படம் என்றே எண்ணுவர். கோடு என்பதே அதில் இல்லை. கலீலியோவின் கரைத்த மை தொடங்கிய பாதை இங்கே நிறைவெய்தியது எனலாம். நிலவின் மெல்லிய தள்ளாட்டத்தையும் காட்டும்படி பித்தளைப் பொறியோடு கூடிய நிலவுருண்டை ஒன்றையும் 1797இல் அவர் வெளியிட்டார். அதற்கும் 'செலினோகிராஃபியா' என்றே பெயரிட்டார்.

கேமரா வந்த பின்னும்

1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவை ஒளிப்படமாகப் பிடித்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிந்த படம் அது. இனித் தூரிகைக்கும் பென்சிலுக்கும் வேலையில்லை என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. வளிமண்டலம் ஓயாது அலைவதால் நிலவின் உருவம் நீருக்கடியில் கிடக்கும் கல்போல் நடுங்குகிறது. ஒளிப்படத் தகடு அந்நடுக்கம் முழுவதையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். பயின்ற கண்ணோ காற்று அடங்கும் அரைநொடிக்காகக் காத்திருந்து நுண்ணிய விவரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏதென்ஸ் வானாய்வுக் கூடத்தின் யூலியஸ் ஷ்மிட் 1878இல் வெளியிட்ட, ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமான படத்தில் 32,856 குழிகள் கையாலேயே வரையப்பட்டிருந்தன.

நிலவில் மனிதனை இறக்க அமெரிக்கா ஆயத்தமானபோதும் இதே நிலை. விமானப்படையின் நிலப்படத் துறை, அரிசோனா மாநிலத்தின் லோவெல் வானாய்வுக் கூடத்தில் 1961இல் ஓவியர் குழு ஒன்றை அமர்த்தியது. பட்ரீஷியா பிரிட்ஜஸ் என்னும் பெண்மணி அதில் முதன்மையானவர். ஒளிப்படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, காற்றழுத்தத்தால் மையைத் தூவும் ஏர்பிரஷ் கருவியால் அவர் நிலவின் தரையைத் தீட்டினார். ஒளிப்படம் மங்கிய இடங்களில், 1896இல் நிறுவப்பட்ட 24 அங்குலத் தொலைநோக்கியில் தம் கண்ணாலேயே பார்த்து விவரம் சேர்த்தார். பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அமைந்த அப்படங்களில் எல்லாக் குழிகளுக்கும் ஒரே திசையிலிருந்தே ஒளி விழுகிறது, டான்சிக் நகரில் ஹெவேலியஸ் வரைந்தது போலவே.